காட்டு நெருப்பு: எல்லைக்கல்லுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டா பயர் லைன் வெட்டினாத்தான் சரிவரும். சிறுபோகக் கூட்டத்தில எடுப்பமா?

குளக்கட்டு:
வணக்கம் உறவுகளே. காலபோகம் (மாரி நெல்லு) வெட்டி முடிஞ்சுது, இன்னும் கொஞ்ச நாளில சிறுபோகத்துக்கு, அதுதான் கோடை நெல்லுக்கு, கூட்டம் வைப்பினம், அதுக்கு முன்னம் இதைக் கதைச்சு ஒரு முடிவுக்கு வரோணும் எண்டுதான் இந்த இழையைத் துவங்கிறன்.

போன ஆவணியில எங்கட பக்கம் எரிஞ்சது உங்களில கனபேருக்குத் தெரியும். ஊர்ப் பேரும் வேண்டாம், எந்த ஒபிஸ் எண்டதும் வேண்டாம், ஆரையும் இழுத்துப்போட வரேல்லை. நெருப்பு துவங்கினது ரோட்டோரப் புல்லில. அங்கயிருந்து வெளிநாட்டில இருக்கிற ஒராளின்ர பற்றைக் காணிக்குள்ள ஏறி, அதில நல்லாப் பிடிச்சு எழும்பி, தேக்கங் காட்டுக்குள்ள விழுந்து, அதைக் கடந்து பெருங்காட்டு ஓரத்தைத் திண்டுகொண்டு வந்து குளத்துத் தண்ணி ஏறி இறங்கிற அலைகரையில இறங்கி, கடைசியா அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியளுக்குள்ளால வீட்டு வேலி வரைக்கும் வந்திட்டுது. ரோட்டு ஒரு திணைக்களம், பற்றை உறுதிக் காணி, தேக்கு இன்னொரு திணைக்களம், அலைகரை வேற ஆக்கள், பெர்மிட் காணி டிஎஸ், அதுதான் பிரதேச செயலாளர். தென்மேற்கால அடிக்கிற கச்சான் காத்துக்கு இதொண்டும் தெரியாது, அது தன்ர பாட்டுக்கு வடகிழக்குப் பக்கமாத் தள்ளிக்கொண்டு போகுது. நாங்கள் போன் எடுத்த எல்லா இடத்திலயும் "அது எங்கட ஏரியா இல்லை, எங்கட பக்கம் வந்தாச் சொல்லுங்கோ" எண்டதுதான் பதில். பொடியள் பச்சைக் குழை முறிச்சு அடிச்சே ஓய்ஞ்சு போனாங்கள், மருந்தடிக்கிற மெசினுக்குள்ள தண்ணி ஊத்தி முதுகில போட்டுக்கொண்டு பெம்பிளையளும் வந்தவை.

இப்ப என்ர கேள்வி இதுதான். சிறுபோகக் கூட்டத்தில தண்ணி திறக்கிற திகதி, விதைப்புத் திகதி, கடைசித் திகதி, வாய்க்கால் துப்பரவு, வேலி, மாடு கட்டுற திகதி எல்லாம் முடிவெடுக்கிறம். அது உறுதிக் காணியோ பெர்மிட் காணியோ குத்தகையோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, முடிவெண்டா எல்லாருக்கும் முடிவு, மீறினாத் தண்டம். மாட்டுக்கும் தண்ணிக்கும் எங்களால ஏலுமெண்டா நெருப்புக்கு மட்டும் ஏன் ஏலாது? பயர் லைன் (நெருப்புத் தாண்டாமல் மண் தெரியச் செதுக்கிற கோடு) வெட்டுற கிழமை, வெட்டின வயலில மிஞ்சிற தாள் கொளுத்துற நாள், காட்டை வெட்டிப் பயிர் செய்யிற சேனை எரிக்கிற நாள், நெருப்பெண்டா முதல் போன் ஆருக்கு, இவ்வளவையும் அதே கூட்டத்தில அதே அறிக்கையில எழுதினா என்ன?

காட்டெல்லை:
அண்ணை, விசயம் நல்லது. ஆனா எங்கட பக்கத்து நிலைமையை ஒருக்கா யோசியுங்கோ. அப்பா தோட்டம் செய்த காணிக்குள்ள இப்ப காட்டுத் திணைக்களத்தின்ர எல்லைக்கல் நிக்குது, கிணறு கல்லுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், கடிதம் குடுத்து குடுத்துக் களைச்சுப் போனம். இப்ப நாங்களே மண்வெட்டி எடுத்து அந்தக் கல்லை ஒட்டி லைன் வெட்டினா நாளைக்கு "நீங்களே இதை எல்லையெண்டு ஏற்றுக்கொண்டுதானே வெட்டினனீங்கள்" எண்டு கேப்பினம். அதுக்குப் பயந்துதான் எங்கட ஊரில ஒருத்தரும் அந்தக் கோட்டுப் பக்கம் கத்தி கொண்டு போறேல்லை. கல்லுக்கு இங்கால ஈச்சையும் உண்ணிப் பற்றையும் ஆளுயரத்துக்கு நிக்குது, அங்கால கினிப்புல், வெயில் துவங்கினா ரெண்டும் ஒண்டாய்க் காயும்.

பழைய பீற்:
தம்பி, உங்கட பயம் ஞாயமானது. நான் கனகாலம் காட்டு ஒபிசில வேலை செய்து பென்சன் எடுத்தவன், மற்றப் பக்கத்துப் பயத்தையும் நான்தான் சொல்லவேணும். ஒரு பீற் ஒபிசர், அதுதான் ஒரு காட்டுத் துண்டுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், "சரி, பதினைஞ்சு அடி வெட்டுங்கோ" எண்டு வாயால சொன்னா அடுத்த வருசம் அது ஐம்பது அடியாகி அதில கச்சான் (நிலக்கடலை) நட்டிருக்கும், அதுக்குப் பிறகு விசாரணை வரேக்க அவர்தான் பதில் சொல்லவேணும். அதால அவர் வாயே திறக்கமாட்டார். ஊராக்கள் எல்லை போயிடும் எண்டு பயப்பிடுகினம், ஒபிஸ்காரர் காடு போயிடும் எண்டு பயப்பிடுகினம். ரெண்டு பயத்துக்கும் நடுவில கிடக்கிற அந்தத் துண்டுதான் முதல் பத்துறது.

சட்டத்தையும் சொல்லிவிடுறன். 1907ம் ஆண்டுக் காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒதுக்குக் காட்டுக்குள்ள நெருப்பு வைக்கிறதும் குற்றம், அனுமதியில்லாமல் வெட்டித் துப்பரவாக்கிறதும் குற்றம். மடுறோட்டு, சுண்டிக்குளம் மாதிரி இடங்கள் வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர, 1937ம் ஆண்டுச் சட்டம், அங்க கட்டுப்பாடு இன்னும் இறுக்கம், அந்த ரெண்டும் 2015ல தேசிய பூங்காவாகினது. பெர்மிட் காணி 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டம். ஒரு காத்தில எரியிற நிலத்துக்கு மூண்டு நாலு சட்டம். அதால எல்லாத் திணைக்களமும் ஒரே மேசையில இருக்கிற கூட்டம் வேணும் எண்டு குளக்கட்டு அண்ணை சொன்னது சரியான பிடி. டிஎஸ் தலைமையில நடக்கிற கூட்டத்தில பீற் ஒபிசருக்கு மேல உள்ள ரேஞ்ச் ஒபிசரையும் கூப்பிட்டு, அறிக்கையில ஏத்தினா, அது வாய்ப்பேச்சு இல்லை. ஒபிசருக்கும் கையில ஒரு பேப்பர் இருக்கும், பிறகு ஆரும் வந்து கேட்டாக் காட்டலாம்.

பட்டிக்காரன்:
இனி மாட்டுக்காரர்தான் கொளுத்துறது எண்டு ஆரும் துவங்கமுன்னம் நானே சொல்றன். கொளுத்துற ஆக்கள் இருக்கினம். காஞ்ச புல்லை எரிச்சா ஒரு சின்ன மழைக்கே இளம்புல் துளிர்க்கும், மாடு நல்லா மேயும், அது உண்மை. அதே துளிருக்கு மான் வரும், மான் வந்தா வெடிக்காரன் வருவான், அவையும்தான் கொளுத்துறது. ஆனா பேர் எங்களுக்கு. வயல் விதைச்ச உடனை மாட்டைக் காட்டுக்குக் கொண்டுபோ எண்டு கூட்டத்தில முடிவெடுப்பியள், காட்டுக்குள்ள கொண்டுபோனா காட்டுக்காரர் பிடிப்பினம், மேய்ச்சல் தரை எண்டு ஒரு துண்டு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு.

எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கோ. லைன் வெட்டுற இடம் நெடுகலும் சித்திரை வைகாசியில மாட்டை விட எழுத்தில அனுமதி தாங்கோ, வெட்டுறதுக்கு முன்னமே பட்டி அந்தப் புல்லை அரைவாசிக்கு இறக்கிப்போடும். நாங்களும் அந்தப் பக்கம் கொளுத்தாமல் இருக்கப் பொறுப்பெடுப்பம், ஏனெண்டா எங்கட புல்லல்லோ எரியும்.

மல்லாவி டீச்சர்:
பட்டிக்கார அண்ணை சொன்னதை நான் முழுசா ஆதரிக்கிறன். கூட்டத்துக்கு வயல்காரர் மட்டும் போனா வயல்காரற்ற முடிவுதான் வரும்.

ஒரு சின்னச் சந்தேகம். ஏன் லைன் வெட்டிறதுக்கு ஒரே கிழமை வேணும் எண்டுறியள்? அவரவர் வசதிக்கு வெட்டினா என்ன?

குளக்கட்டு:
நல்ல கேள்வி டீச்சர். ஒருத்தர் வைகாசியில வெட்டி மற்றவர் ஆடியில வெட்டினா முதல் வெட்டினதில அதுக்குள்ள சருகு நிறைஞ்சிடும். தேக்கைப் பாருங்கோ, இலை ஒவ்வொண்டும் சுளகளவு, வெயிலுக்குச் சுருண்டு உள்ளுக்குக் காத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், ஒண்டு பத்தினாக் காத்து அதைத் தூக்கி அப்பிடியே இருபது யார் தள்ளிப் போடும். அதால வெட்டினாப் போதாது, ஆடி முதல் கிழமை ஒருக்கா, ஆவணியில ஒருக்கா கூட்டி வாரோணும். அதோட லைன் எண்டா மண் தெரியோணும். புல்லை அரிஞ்சு விட்டிட்டு அரிஞ்சதை அதிலயே போட்டா அது லைன் இல்லை, காய்ஞ்ச புல்லுப் பாய். லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) போற இடத்தில ரெண்டு சால் உழுது விட்டாலே காணும், மற்ற இடத்தில மண்வெட்டிதான்.

அதைவிட முக்கியம், வெட்டிற லைன் ஒரே நேர்கோட்டில ஒண்டோடொண்டு தொடோணும். போன வருசம் ஒரு இடத்தில ரெண்டு காணிக்காரர் நல்ல வடிவா வெட்டி வைச்சிருந்தவை, நடுவில ஒரு துண்டு வெட்டுப்படேல்லை, நெருப்பு அந்த வாசலாலதான் உள்ளுக்க வந்தது. அது அந்த வெளிநாட்டுக் காணி.

ரொறன்ரோக் காணிக்காரன்:
இதை வாசிக்க வாசிக்க மனசு சரியில்லை. நீங்கள் சொல்ற காணி எங்கட இல்லை, ஆனா எங்கட காணியும் ஒட்டுசுட்டான் பக்கம் அப்பிடித்தான் கிடக்கு. அம்மாவின்ர சீதனக் காணி, சகோதரங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாட்டில, உறுதி இன்னும் பிரிக்கேல்லை. ஆரையும் விட்டுத் துப்பரவாக்கலாம் எண்டா வீட்டில உடனை வாற பயம், பத்து வருசம் ஒருத்தன் ஆண்டா ஆட்சியுரிமை கேப்பான் எண்டு. அதுக்காகப் பற்றையாவே விட்டிருக்கிறம், அது பக்கத்து வீட்டுக்காரற்ற கூரைக்கு ஆபத்து எண்டு இப்பத்தான் யோசிக்கிறன். காசு அனுப்பிறது பிரச்சினை இல்லை. ஆருக்கு அனுப்பிறது, என்ன எழுதி அனுப்பிறது எண்டு சொல்லுங்கோ, நான் சகோதரங்களோட கதைக்கிறன்.

காட்டெல்லை:
அண்ணை உங்கட பயமும் எங்கட பயமும் ஒண்டுதான். வெட்டினா உரிமை போயிடும் எண்ட பயம்.

பழைய பீற்:
அதுதான் தம்பி, நீர் இப்ப சொன்னதுதான் முழு விசயமும். அப்ப மருந்தும் ஒண்டுதான். தீர்மானத்தில முதல் வரியா இப்பிடி எழுதவேணும்: "இந்தத் தீத்தடுப்புக் கோடு நெருப்பைத் தடுக்கும் தேவைக்கு மட்டுமே வெட்டப்படுகிறது. இதனால் எவருடைய காணி உரிமையோ, எல்லை தொடர்பான கோரிக்கையோ, திணைக்களத்தின் உரித்தோ எவ்வகையிலும் பாதிக்கப்படாது." கீழ டிஎஸ், ரேஞ்ச் ஒபிசர், கமக்காரர் அமைப்புத் தலைவர், ஜிஎஸ் (கிராம சேவகர்) நாலு பேரும் கையெழுத்து. எல்லைப் பிணக்கு உள்ள இடத்தில கல்லை ஒட்டி வெட்டத் தேவையில்லை, ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுற ஒரு இடத்தால, உள்ள வண்டிப் பாதையாலயோ வாய்க்கால் கரையாலயோ கொண்டுபோங்கோ. நெருப்பு நிக்கிறதுக்கு மண்தான் வேணும், அது எல்லைக்கு மேலதான் இருக்கோணும் எண்டில்லை.

ரொறன்ரோத் தம்பிக்கு: தனி ஆளைப் பிடிச்சுக் காணியைப் பாக்க விடாதேங்கோ. கமக்காரர் அமைப்புக்கு ஒரு அனுமதிக் கடிதம், இன்ன வருசம், இன்ன மாசம், ஓரத்தில இத்தனை அடி, துப்பரவாக்க மட்டும், குடியிருக்கவோ பயிர் செய்யவோ அனுமதி இல்லை எண்டு எழுதி எல்லாச் சகோதரமும் கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ. எழுத்தில அனுமதி குடுத்துச் செய்விக்கிற வேலை உங்களுக்கு எதிரான ஆட்சியாகாது. எண்டாலும் ஒரு நொத்தாரிசிட்டைக் காட்டிப்போட்டு அனுப்புங்கோ.

சிட்னி அக்கா:
நான் முல்லைத்தீவு, இப்ப நியூ சவுத் வேல்ஸில இருக்கிறன், இங்க கிராமத் தீயணைப்புச் சேவையில தொண்டரா இருக்கிறன். இங்க 2019 ஐப்பசியில ஒரு தேசியப் பூங்காவுக்குள்ள மின்னல் விழுந்து துவங்கின ஒரே ஒரு நெருப்பு, கொஸ்பர்ஸ் மவுண்டன் எண்டு சொல்றது, அஞ்சு லட்சம் ஹெக்டேயருக்கு மேல எரிச்சது. பூங்கா, அரச காடு, தோட்டம், வீடு ஒண்டும் பாக்கேல்லை.

இங்க 1997ம் ஆண்டுச் சட்டத்தில ரெண்டு விசயம் எனக்குப் பிடிச்சது. ஒண்டு, காணி ஆற்றயா இருந்தாலும், அரசாங்கத்தின்ர திணைக்களமா இருந்தாலும், அங்கயிருந்து நெருப்புப் பரவாமல் பாக்கிறது அவையின்ர கடமை. பற்றையை வெட்டு எண்டு நோட்டீஸ் வரும், வெட்டாட்டி அவையே வந்து வெட்டிப்போட்டுச் செலவை அறவிடுவினம். மற்றது, ஆபத்துக் காலத்தில ஆரும் தன்ர காணியில எரிக்கோணுமெண்டாப் பெர்மிட் எடுக்கோணும், பக்கத்துக் காணிக்காரருக்கு 24 மணித்தியாலத்துக்கு முன்னமே சொல்லோணும். இந்த ரெண்டாவதுக்கு உங்களுக்குச் சட்டமே தேவையில்லை, கூட்டத்தில ஒரு வரி போடலாம். தாள் கொளுத்துறவர் முதல்நாள் பக்கத்து வயல்காரருக்கும் ஜிஎஸுக்கும் போன் எடுக்கோணும் எண்டு.

இன்னொண்டு, வாட்ஸப்பில "எதிர் நெருப்பு வைச்சு அணைக்கிறது" எண்டு ஒரு வீடியோ சுத்துது. தயவுசெய்து அதைப் பாத்திட்டுச் செய்யாதேங்கோ. பயிற்சி எடுத்த ஆக்களே காத்து மாறினா ஓடவேண்டி வரும்.

பட்டிக்காரன்:
சிட்னி அக்கா, தாள் கொளுத்தவே வேண்டாம் எண்டு எழுதினா என்ன? வைக்கலுக்கு நாங்கள் அலையிறம், அங்க கொளுத்துறாங்கள்.

குளக்கட்டு:
அதை நான் கூட்டத்தில சொல்லிப் பாக்கிறன் அண்ணை. ஆனா முழுசாத் தடை எண்டா ஆரும் கேக்கமாட்டினம், இரவில களவாக் கொளுத்துவினம், அது இன்னும் கூடாது. சிறுபோகம் வெட்டிற ஆவணி புரட்டாதி காட்டுக்கு உச்சக் காய்ச்சல் நேரம், அதே நேரந்தான் சேனையும் எரிக்கிறது. காட்டோர வயலுக்குக் கொளுத்தக் கூடாது, வைக்கலைப் பட்டிக்காரர் வந்து ஏத்தலாம், மற்ற வயலுக்கு விடியக் காத்தில்லாத நேரம் மட்டும், மத்தியானத்துக்குப் பிறகு ஒருத்தரும் நெருப்புப் பெட்டி எடுக்கக் கூடாது, இப்பிடி எழுதினா நிக்கும் எண்டு நினைக்கிறன்.

தேன்வதை:
நாங்கள் காட்டுக்குத் தேனுக்குப் போற ஆக்கள். எங்களையும் சேருங்கோ. பந்தம் கட்டிப் புகை போட்டுத்தான் வதை எடுக்கிறது, எடுத்து முடிய பந்தத்தை மண்ணில குத்திப்போட்டு வாற பழக்கம் சிலரிட்ட இருக்கு, அது கூடாது, தண்ணிப் போத்தல் கொண்டுபோய் நனைச்சு மண்ணுக்குள்ள புதைக்கவேணும். எங்கட பெரியவர் அதைச் செய்யாட்டி அடுத்தமுறை கூட்டிக்கொண்டு போகமாட்டார்.

நெருப்பு அணைஞ்சிட்டுது எண்டு வீட்டுக்குப் போறதிலதான் பிழை நடக்கிறது. முத்தின பாலை மரம் உள்ளுக்குக் கோறையா இருக்கும், நெருப்பு அதுக்குள்ள ஏறினா வெளியில ஒண்டும் தெரியாது, கையை வைச்சுப் பாத்தா மரம் சுடும், பொந்துவாயால கொஞ்சம் புகை வரும், அவ்வளவுதான். நாலைஞ்சு நாளுக்குப் பிறகு மரம் முறிஞ்சு விழ, தணல் சிதறித் திரும்பப் பத்தும். காஞ்ச மாட்டுச் சாணியும் அப்பிடி, மேல சாம்பலா நரைச்சுக் கிடக்கும், காலால தட்டினா உள்ளுக்குச் சிவப்பு. எரிஞ்ச இடத்தை ரெண்டு பேர் முறை வைச்சு ஒரு கிழமை சுத்திப் பாக்கோணும், அதை எந்தத் திணைக்களம் செய்யிறது எண்டு கேட்டா விடியாது, காட்டுக்குள்ள போய் வாற எங்களுக்கு அந்த வேலையைத் தாங்கோ.

கண்ணிவெடி அகற்றும் தங்கச்சி:
எல்லாரும் லைன் வெட்டுறதைப் பற்றிக் கதைக்கிறியள், தயவுசெய்து இதையும் எழுதுங்கோ. நான் மிதிவெடி அகற்றுற வேலை செய்யிறன். இலங்கை 2017 மார்கழியில மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, முடிக்கிறதுக்குத் தவணை 2028 ஆனி முதலாம் திகதி, அப்ப இன்னும் முடியாத இடங்கள் இருக்கு. லைன் வெட்டப் போற பாதையை முதல் டிஎஸ் ஒபிசில குடுத்து, அது விடுவிச்ச இடமோ எண்டு பாத்திட்டுத்தான் மண்வெட்டி போடோணும். சந்தேகமான இடம் எரிஞ்சா உள்ளுக்கு இறங்கவே கூடாது, அங்க கிடக்கிற பழைய செல் குண்டு சூட்டுக்கு வெடிக்கும், பின்னால பாதுகாப்பான நிலத்தில நிண்டு மறியுங்கோ, அந்தத் துண்டு எரியட்டும், உயிர் பெரிசு.

எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் இன்னும் பயம். பற்றை போய் நிலம் வெளிச்சுக் கிடக்கேக்க பழைய இரும்பு பொறுக்கிற ஆக்கள் போவினம், சின்னப்பொடியளும் போவாங்கள். எச்சரிக்கைப் பலகையும் தடியும் நெருப்பில எரிஞ்சிருக்கும், எது எல்லை எண்டு ஆருக்கும் தெரியாது. பலகை எரிஞ்சா அண்டைக்கே அறிவிச்சுத் திரும்ப நடுவிக்கோணும், இதைத் தீர்மானத்தில ஒரு வரியா போடுங்கோ அண்ணை.

குளக்கட்டு:
கட்டாயம் போடுறன் தங்கச்சி. இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி.

மல்லாவி டீச்சர்:
என்ர மாணவன் ஒராள் நாசாவின்ர நெருப்பு வரைபடம் போனில காட்டினவன், செய்மதியில சூடு தெரியிற இடத்தில சிவப்புப் புள்ளி விழும், காசில்லை. அதைப் பாத்து அறிவிக்கலாம்தானே?

சிட்னி அக்கா:
பாக்கலாம் டீச்சர், ஆனா அதை நம்பி இருக்கேலாது. ஒரு புள்ளி 375 மீற்றர் சதுரம், அந்தச் செய்மதியள் மத்தியானம் ஒண்டரை மட்டிலயும் நடுச்சாமம் ஒண்டரை மட்டிலயும்தான் கடக்கும், வரைபடத்தில ஏறப் பிறகும் மூண்டு மணித்தியாலம் மட்டில செல்லும். பின்னேரம் மூண்டுக்குப் பத்தினது உங்களுக்குத் தெரிய விடிஞ்சிடும். எந்த இடம் அடிக்கடி எரியுது எண்டு பழைய வருசங்களைப் பாக்க அது நல்லம், எங்க லைன் முதல் வெட்டுறது எண்டு முடிவெடுக்க உதவும். அறிவிக்கிறதுக்குக் குளக்கட்டில நிக்கிற ஆளின்ர கண்தான்.

காட்டெல்லை:
இன்னொரு யோசனை. யானை வேலி போட்ட இடத்தில கம்பிக்குக் கீழ எப்பவும் புல் வெட்டி வைச்சிருக்கோணும், புல் முட்டினாக் கரண்ட் இறங்கிடும். அந்தத் துப்பரவுத் துண்டை ரெண்டு பக்கமும் கொஞ்சம் அகட்டி மண் தெரியச் செதுக்கினா அதுவே பயர் லைன். வேலை ஏற்கனவே நடக்குது, ஆரும் புதுசா அனுமதி கேக்கத் தேவையில்லை. நெருப்பு வந்தா வேலியில கம்பியைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் உருகி வேலியும் விழும், அப்ப நெருப்புக்குப் பின்னால யானையும் வரும், அதால வேலி பாக்கிற குழுவுக்கும் இது தேவைதான்.

பழைய பீற்:
நல்ல யோசனை தம்பி. ஆனா கன இடத்தில யானை வேலி போட்டது காட்டுத் திணைக்களத்துக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் இடையில உள்ள கோட்டில, ரெண்டு பக்கமும் காடு, ரெண்டு பக்கமும் யானை. அங்க அகட்டிறதால ஊருக்குப் பெரிசாப் பிரயோசனம் இல்லை. ஊரைச் சுத்திப் போற வேலியில மட்டும் செய்யுங்கோ. அகட்டிறதுக்கும் வனஜீவராசிகள் ஆக்களின்ர சம்மதம் அதே அறிக்கையில வரட்டும்.

குளக்கட்டு:
சரி, எல்லாரும் சொன்னதைச் சேர்த்து நான் இப்பிடி எழுதிக்கொண்டு போறன், பிழை இருந்தாத் திருத்துங்கோ. முதல் வரி பீற் ஐயா சொன்ன உரிமை பாதிக்கப்படாது எண்டது. அதுக்குப் பிறகு, வைகாசி கடைசிக் கிழமை எல்லாக் காணியிலயும் லைன் வெட்டு, பாதை டிஎஸ் ஒபிசில மிதிவெடி விபரம் பாத்த பிறகு, ஆடியிலயும் ஆவணியிலயும் சருகு வார்றது, வெட்டாத காணிக்குக் கமக்காரர் அமைப்பு வெட்டிப்போட்டுக் கூலியைக் காணிக்காரரிட்ட எடுக்கிறது, ஆனா எழுத்தில அனுமதி இருந்தா மட்டும். லைன் நெடுகலும் சித்திரையும் வைகாசியும் பட்டி மேய்ச்சலுக்கு அனுமதி. கொளுத்துறவர் முதல்நாள் அறிவிப்பு, கொளுத்துறது விடியக் காத்தில்லாத நேரத்தில மட்டும். நெருப்பெண்டா முதல் போன் குளத்துத் தண்ணியைப் பாக்கிற வட்டவிதானைக்கு, அவர் ஜிஎஸுக்கும் ரேஞ்ச் ஒபிசுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117க்கும், பிரதேச சபைப் பவுசருக்கு (தண்ணி லொறிக்கு) ஜிஎஸ் கதைப்பார். ஆற்ற காணி எண்டு கேக்காமல் முதல் வாற ஆள் அணைக்கத் துவங்கலாம், அதுக்காக அவரில ஒரு வழக்கும் போடக்கூடாது. எரிஞ்ச பிறகு ஒரு கிழமை காவல், தேன் ஆக்களுக்கு ஒரு கைக்காசோட. எச்சரிக்கைப் பலகை அண்டைக்கே.

பழைய பீற்:
"வழக்குப் போடக்கூடாது" எண்டு ஒரு கூட்டத்தால எழுதேலாது, அது வெட்டுப்படும், அதோட முழுத் தீர்மானத்தையும் சந்தேகமாப் பாப்பினம். "தீயணைக்கும் நோக்கத்துக்காக உட்பிரவேசிப்பவருக்குத் திணைக்களங்களும் காணி உரிமையாளர்களும் முன்கூட்டியே சம்மதம் வழங்குகின்றனர்" எண்டு எழுதுங்கோ. சம்மதம் இருந்தா அத்துமீறல் எண்டு சொல்லேலாது. அதோட கூட்டத்துக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே கடிதம் டிஎஸ் கையில இருக்கோணும், நிகழ்ச்சி நிரலில ஏறாட்டி "இதர விடயங்கள்" எண்டு கடைசியில எடுப்பினம், அந்த நேரம் ரேஞ்ச் ஒபிசர் எழும்பிப் போயிருப்பார்.

ரொறன்ரோக் காணிக்காரன்:
சகோதரங்களோட கதைச்சனான். ரெண்டு பேர் ஓம், ஒராள் நொத்தாரிசு பாத்தாப் பிறகு எண்டு சொல்லுறா. கடித மாதிரி ஒண்டு ஆராவது தட்டச்சுப் பண்ணிப் போடுவியளோ? இங்க எங்கட ஊர்ச் சங்கத்தில இன்னும் கனபேருக்கு அங்க பற்றைக் காணி இருக்கு, எல்லாருக்கும் அனுப்புறன்.

மல்லாவி டீச்சர்:
கடிதத்தையும் தீர்மானத்தையும் நான் தட்டச்சுப் பண்ணுறன். பீற் ஐயா பாத்துத் தந்தா நாளைக்குப் பின்னேரம் இங்க போடுறன். பட்டிக்கார அண்ணை, உங்கட சங்கத்தின்ர சரியான பேரையும் தலைவற்ற போன் நம்பரையும் எனக்குத் தனிமடலில அனுப்புங்கோ, அழைப்புக் கடிதத்தில போடோணும்.